ஊரை ஏமாற்றிய சம்பத்! ஊர் மறந்த "மிஸ் மாலினி"

"கவலையே வேண்டாம்! எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்!"

இப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், முதலில் உங்கள் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்!

கத்தி காட்டிப் பறிக்கிறவன் ஒரு வகைத் திருடன். கன்னம் வைக்கிறவன் இன்னொரு வகை. இந்த இரண்டு பேரையும் விடக் கெட்டிக்காரன் மூன்றாவது ஆள். அவன் கையில் கத்தி கிடையாது, கன்னக்கோல் கிடையாது. அவனுடைய ஆயுதம் நாக்கு! சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். பேசி முடிப்பதற்குள் நம் பெட்டியின் சாவி அவன் கைக்குப் போயிருக்கும். "பாவம், நல்ல மனிதர்" என்று நாமே சொல்லிக்கொண்டிருப்போம்!

அப்படிப்பட்ட ஓர் ஆசாமியை நடுவில் வைத்து, நமது தமிழ்நாட்டில் ஒரு சினிமாப் படம் எடுத்தார்கள். குற்றமும் உண்டு, சிரிப்பும் உண்டு. எடுத்தவர் சாதாரண ஆள் அல்ல. "சந்திரலேகா" எடுத்த எஸ்.எஸ்.வாசன். கதை எழுதியவர் உலகப் புகழ் பெற்ற ஆர்.கே.நாராயண். படம் வெளிவந்தது 1947 செப்டம்பர் 26. நாடு சுதந்திரம் அடைந்து ஆறே வாரம்!

படத்தின் பெயர் "மிஸ் மாலினி".

பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையா? ஆச்சரியம் இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. அதுதான் இந்தப் படத்தின் விதி. அந்த விதியின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலாளியும் எழுத்தாளரும்

குழல் ஊதும் இரண்டு குழந்தைகள்! அந்த முத்திரை திரையில் தெரிந்தவுடனே கொட்டகையில் கைதட்டல் எழும். அதுதான் ஜெமினி ஸ்டூடியோவின் அடையாளம். சென்னையில் இன்று அண்ணா மேம்பாலம் இருக்கிறதே, அதை இன்னமும் பலர் ஜெமினி மேம்பாலம் என்றுதானே சொல்கிறார்கள்? பாலம் கட்டியது 1973-இல். அதன் அருகே ஒரு காலத்தில் இந்தப் படப்பிடிப்பு நிலையம் இருந்ததால் வந்த பெயர் அது.

அதன் முதலாளி எஸ்.எஸ்.வாசன், திருத்துறைப்பூண்டியில் பிறந்து பட்டணத்துக்கு வந்து முன்னேறியவர். 1928-இல் "ஆனந்த விகடன்" பத்திரிகையை வாங்கி, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவர் எழுதிய தொடர்கதைதான் "சதி லீலாவதி" என்ற படமாக 1936-இல் வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றிய படம் அது. ஆகவே வாசனுக்குக் கதை என்றால் என்ன என்று தெரியும். ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்றும் தெரியும்.

ஆர்.கே.நாராயண் வேறு ரகம். 1906-இல் சென்னை புரசைவாக்கத்தில் பிறந்து, மைசூரில் வாழ்ந்தவர். எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். "மால்குடி" என்று ஒரு ஊரைக் கற்பனையில் கட்டி, அதில் பள்ளிக்கூடப் பையன்கள், கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள் எல்லோரையும் குடி வைத்தார். 1986-இல் தூர்தர்ஷனில் "மால்குடி டேஸ்" என்ற தொடர் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கதைகளை எழுதியவர் இவர்தான்.

இந்த இருவரும் சேர்ந்தார்கள். தமிழ்ப் படத்துக்கு ஆர்.கே.நாராயண் கதை எழுதினார்! ஆங்கில இலக்கிய உலகம் கொண்டாடிய ஒருவர், நம் கொட்டகைகளில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகருக்காகப் பேனாவை எடுத்தார்.

கதை இதுதான்

மாலினி ஓர் ஏழைப் பெண். அழகு உண்டு, திறமை உண்டு. கையில் காசு இல்லை. அவளுக்கு சுந்தரி என்று ஒரு தோழி. சுந்தரி பெயர் பெற்ற நாடக நடிகை. அவள் மாலினியின் கஷ்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, தன் நாடகக் கம்பெனியில் சேர்த்து விடுகிறாள்.

அவ்வளவுதான்! மாலினி மேடை ஏறியதும் ஒரே இரவில் பெயர் பரவுகிறது. நேற்று வரை திரும்பிப் பார்க்காத ஊர் இன்று அவளைத் தேடி ஓடி வருகிறது. பணம் வருகிறது. புகழ் வருகிறது.

பணமும் புகழும் வந்தால் பின்னாலேயே மூன்றாவதாக ஒருவர் வருவார் அல்லவா? வருகிறார். அவர்தான் மிஸ்டர் சம்பத்!

சம்பத்துக்கு என்ன தொழில்? ஒன்றும் கிடையாது. என்ன சொத்து? அதுவும் கிடையாது. ஆனால் எல்லாத் தொழிலும் தெரிந்தவர் போலப் பேசுவார். எல்லாப் பெரிய மனிதர்களையும் பழகியவர் போல நடப்பார். அந்தப் பேச்சில் மாலினி மயங்குகிறாள். கைதூக்கி விட்ட தோழி கண்ணுக்கு மறைந்து போகிறாள். யோசனை சொல்ல சம்பத், கணக்குப் பார்க்க சம்பத், கடன் வாங்கித் தரவும் சம்பத்!

கடைசியில் என்ன ஆகிறது? தலைக்கு மேல் கடன். கடன்காரர்கள் வாசலில். சம்பத்தை மட்டும் காணோம்!

பட்ட கடனை மாலினி எப்படி அடைத்தாள், விழுந்த இடத்திலிருந்து எப்படி எழுந்தாள் என்பது மீதிக் கதை. அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டுப் புத்தகங்களில் கதையைப் பாதி சொல்லிவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போடுவார்கள். இந்தப் படத்துக்கு அப்படிச் சொல்லக்கூட இன்று வழி இல்லை. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

யார் இந்த சுப்பு?

மாலினியாக நடித்தவர் புஷ்பவல்லி. ஆந்திரத்தில் பிறந்தவர். ஜெமினியின் "பாலநாகம்மா" என்ற தெலுங்குப் படத்தில் 1942-இல் நடித்தவர். தோழி சுந்தரியாக வந்தவர் எம்.எஸ்.சுந்தரிபாய். பாத்திரத்துக்கும் நடிகைக்கும் ஒரே பெயர்!

சம்பத்தாக நடித்தவர்தான் கொத்தமங்கலம் சுப்பு. படத்தை டைரக்டு செய்தவரும் அவரே. நிஜ வாழ்க்கையில் சுந்தரிபாயின் கணவரும் அவரே.

சுப்புவைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். 1910-இல் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பாட்டு எழுதுவார், நடிப்பார், கதை சொல்வார், படம் டைரக்டு செய்வார். கே.பி.சுந்தராம்பாள் நடித்த "ஔவையார்" படத்தை 1953-இல் உருவாக்கியவர் இவரே. காந்தி மகானின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடி ஊர் ஊராகப் போனவரும் இவரே. 1971-இல் இவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

ஜெமினியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், சுப்புவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். படம் எடுப்பதில் எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்கு ஒன்றுக்குப் பல வழி சொல்லக்கூடியவர் சுப்பு என்று அதில் காட்டியிருக்கிறார். அந்தக் கட்டுரை 12-ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்!

சின்ன வேடத்தில் இரண்டு பேர்

இந்தப் படத்தில் சின்ன வேடத்தில் ஓர் இளைஞர் முதன்முதலாகத் திரையில் தலை காட்டினார். புதுக்கோட்டைக்காரர். பெயர் கணேசன். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். அதை விட்டுவிட்டு ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். யார் என்று தெரிகிறதா? ஆம், ஜெமினி கணேசன்தான்! பின்னாளில் "காதல் மன்னன்" என்று தமிழ்நாடே அழைத்த அந்த நடிகருக்கு "மிஸ் மாலினி"தான் முதல் படம். இந்தித் திரையுலகில் பெரும் புகழ் பெற்ற ரேகா, ஜெமினி கணேசனுக்கும் புஷ்பவல்லிக்கும் பிறந்த மகள்.

இன்னொருவர் ஜாவர் சீதாராமன். அவருக்கும் இதுவே முதல் படம். இவரை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார்.

பாராட்டு வந்தது, பணம் வரவில்லை!

படம் வெளிவந்தது. படித்தவர்கள் பார்த்தார்கள், பாராட்டினார்கள். விமர்சகர்கள் மெச்சினார்கள். நாகரிக வாழ்க்கையின் பகட்டையும் போலித்தனத்தையும் இவ்வளவு நயமாகக் கேலி செய்த தமிழ்ப் படம் இல்லை என்ற பெயர் கிடைத்தது. சுப்புவின் சம்பத் வேடத்துக்குப் புகழ்மாலை!

ஆனால் டிக்கெட் விற்கும் ஜன்னலில் கூட்டம் இல்லை. வசூலில் படம் தோற்றுவிட்டது.

ஏன் தோற்றது? "காலத்துக்கு முந்திய படம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதியை அறிய, அன்றைய கொட்டகைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

1947-இல் தமிழ் ரசிகர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? ஏவி.எம்.மின் "நாம் இருவர்" ஓடியது. அதில் பாரதியார் பாட்டுகளைக் கேட்டு மெய்ம்மறந்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனாக நடித்த "ராஜகுமாரி" அதே ஆண்டில் வந்தது. அதில் மாயமும் மந்திரமும் பார்த்தார். அதற்கு முன்பே எம்.கே.தியாகராஜ பாகவதரின் "ஹரிதாஸ்", 1944-இல் தொடங்கி மூன்று தீபாவளிகளைக் கண்டிருந்தது.

இந்தப் படங்களில் எல்லாம் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். கெட்டவன் மீசையை முறுக்குவான். கண்ணை உருட்டுவான். இடி போலச் சிரிப்பான்.

சம்பத் அப்படியா? பார்ப்பதற்குப் பரம சாது! பேசினால் தேன்! அவரைப் பார்த்துச் சிரிப்பதா, சினப்படுவதா? ரசிகருக்குப் பிடிபடவில்லை. மாலினி மேல் இரக்கப்படுவதா? அவளும் தோழியை மறந்தவள்தானே! அழ வைக்கும் படம் என்று வந்தவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புப் படம் என்று வந்தவருக்கு உள்ளுக்குள் குத்தியது. எந்தப் பந்தியில் உட்காருவது என்று தெரியாமல் எழுந்து போய்விட்டார்கள்!

அண்ணாமலையார் ஊரில் ஒரு ரசிகர்

நமது திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அது வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-இல்தான். கோயிலும் மலையும் கார்த்திகை தீபமும் ரமண மகரிஷியின் ஆசிரமமும்தான் ஊருக்குப் பெருமை. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சுற்றுக் கிராமத்தார் சாமி பார்க்க வருவார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஊருக்கு வருகிறவர்கள் சினிமாவுக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் வண்டி கட்டுவார்கள். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன் மேல் சௌகரியமாக உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படம் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட குடும்பத்துக்கு எந்தக் கதை பிடிக்கும்? அருணகிரிநாதர் கதை பிடிக்கும். அது இந்த ஊரிலேயே நடந்த கதை. தப்பு வழியில் போனவர். மனம் நொந்து கோபுரத்தின் மேல் ஏறிக் கீழே விழுந்தார். முருகப்பெருமான் தாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் வாயில் திருப்புகழ் பிறந்தது! டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரியாகவே நடித்துப் பாடிய படம் 1964-இல் வந்தது. "ஹரிதாஸ்" கதையும் அப்படித்தான். கெட்டுத் திருந்தியவன் கதை.

கவனித்தீர்களா? நம் ஜனங்களுக்குத் தப்பு செய்தவன் மேல் வெறுப்பு இல்லை. அவன் திருந்தவேண்டும், அவ்வளவுதான்! திருந்தினால் கண்ணீர் விட்டு ஏற்றுக்கொள்வார்கள். திருந்தாவிட்டால் அவன் தண்டனை பெறுவதைப் பார்க்கவேண்டும்.

சம்பத் போன்றவர்களோ இரண்டிலும் சேராதவர்கள். பெண் ஒருத்தியைக் கடனில் தள்ளிவிட்டு நழுவிப் போகிறவர்கள். உலகத்தில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் உலகத்தில் நடப்பதை நாலணா கொடுத்து வேறு பார்க்கவேண்டுமா என்று ரசிகர் நினைத்திருந்தால், அவரைக் குறை சொல்ல முடியுமா?

ஜாவர் சீதாராமன் திரும்பி வருகிறார்

"மிஸ் மாலினி" ஒன்றுதான் இப்படி ஆனதா? இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1954-இல் ஏவி.எம். நிறுவனம் "அந்த நாள்" என்று ஒரு படம் எடுத்தது. கொலை வழக்கை வைத்துப் பின்னிய மர்மக் கதை. பாட்டே கிடையாது! நடனம் கிடையாது! சிவாஜி கணேசன் தேசத் துரோகியாக நடித்தார். டைரக்டர் வீணை எஸ்.பாலசந்தர். கதை வசனம் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் யார்? நம் ஜாவர் சீதாராமன்தான்!

அதற்கும் அதே கதி. விமர்சகர்கள் போற்றினார்கள், மத்திய அரசின் நற்சான்றும் கிடைத்தது, ஆனால் வெளியான சமயத்தில் வசூல் இல்லை. பாட்டு எங்கே என்று ரசிகர்கள் கேட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். "அந்த நாள்" பிரதி பிழைத்துக்கொண்டது. இன்று பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து, "அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு படமா!" என்று வியக்கிறார்கள். "மிஸ் மாலினி"க்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வாசன் விடவில்லை!

தோல்வி கண்டால் வேறொருவர் அந்தக் கதையின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். வாசன் அப்படியல்ல.

முதலில் இன்னொரு பக்கம் திரும்பினார். பல ஆண்டுகளாக எடுத்துக்கொண்டிருந்த "சந்திரலேகா"வை 1948 ஏப்ரலில் வெளியிட்டார். செலவு சுமார் 30 லட்சம் ரூபாய்! மலை போன்ற முரசுகள் மேல் பெண்கள் ஆடிய நடனத்தைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். இந்தியிலும் வெளியிட்டு வட நாட்டையே கலக்கினார். சிறிய கேலிப் படத்தைத் தள்ளிய அதே ஜனங்கள், பெரிய முரசுப் படத்தைத் தூக்கிக் கொண்டாடினார்கள்.

ஆனாலும் சம்பத் அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1952-இல் அதே கதையை "மிஸ்டர் சம்பத்" என்று இந்தியில் எடுத்தார். இந்த முறை டைரக்டரும் வாசனே. சம்பத்தாக மோதிலால், மாலினியாக நம் நாட்டியப் பேரொளி பத்மினி. மோதிலாலின் நடிப்பைப் பற்றிச் சினிமா ரசிகர்கள் பிற்காலத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1972-இல் தமிழுக்கே திரும்பி வந்தார் சம்பத். "மிஸ்டர் சம்பத்" என்ற படத்தைச் சோ டைரக்டு செய்து நடித்தார். கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

சம்பத்தின் உடன்பிறப்புகள்

ஆர்.கே.நாராயணும் சம்பத்தை விடவில்லை. படம் வந்து இரண்டு ஆண்டு கழித்து, 1949-இல், சம்பத்தை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதிவிட்டார். நாவலில் சம்பத் மால்குடியில் அச்சகம் நடத்துகிறவர். பிறகு சினிமா எடுக்கக் கிளம்புகிறார். என்ன படம்? சிவபெருமான் மன்மதனை எரித்த கதை! அதில் சம்பத் பலரையும் இழுத்துவிட்டு, எல்லாரும் சிக்கலில் மாட்டிய பிறகு கழன்றுகொள்கிறார். கடைசி வரை திருந்தவேயில்லை.

அதற்குப் பிறகும் நாராயணின் பேனாவிலிருந்து இத்தகைய ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். 1952-இல் மார்கையா வந்தார். கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, கடன் மனு எழுதிக் கொடுப்பவர். பின்னால் அதிக வட்டி தருகிறேன் என்று ஊரார் பணத்தை வாங்கிக் குவித்து, ஒரே நாளில் திவாலானவர். 1958-இல் ராஜு வந்தான். சிறையிலிருந்து வெளிவந்து, பாழடைந்த கோயில் ஒன்றில் உட்கார்ந்தவன். கிராமத்தார் அவனைச் சாமியார் என்று நினைத்துக் கும்பிட, அவனும் சாமியாராகவே இருந்துவிட்டான்! "கைடு" என்ற அந்த நாவலுக்கு 1960-இல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது.

உலகம் மெச்சிய இந்த எத்தர் பரம்பரைக்கு மூத்தவர் யார்? சம்பத்! அந்தச் சம்பத்தை முதலில் பார்த்தவர்கள் யார்? நம் தமிழ் ரசிகர்கள்! பார்த்துவிட்டுத்தான் "வேண்டாம்" என்றார்கள்!

இன்னும் ஒரு வேடிக்கை சொல்கிறோம். சம்பத்தாக நடித்த கொத்தமங்கலம் சுப்பு, "கலைமணி" என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் ஒரு தொடர்கதை எழுதினார். அதுதான் "தில்லானா மோகனாம்பாள்". 1968-இல் அது படமாக வந்தபோது நாகேஷ் நடித்த வேடம் எது? சவடால் வைத்தி! வாயாலேயே வீடு கட்டுகிற வைத்தி! எங்கே பணக்காரர் இருக்கிறாரோ அங்கே ஒட்டிக்கொள்கிற வைத்தி! சம்பத்தைத் தூக்கித் தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டு வந்து, வெற்றிலைப் பெட்டியைக் கையில் கொடுத்தது போல இல்லையா?

அதிலும் பாருங்கள்: 1952-இல் சம்பத்திடம் ஏமாந்த மாலினி யார்? பத்மினி. 1968-இல் வைத்தியிடம் அல்லல்பட்ட மோகனா யார்? அதே பத்மினி!

ஆனால் வைத்தியை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏன்? அவன் கதையின் நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தான். நடுவில் சிவாஜியின் நாயனமும் பத்மினியின் சலங்கையும் இருந்தன. மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தார் சுப்பு. 1947-இல் மருந்தைத் தனியாகக் கொடுத்தது போலத் தனியாகக் கொடுக்கவில்லை.

எத்தனையே கதாநாயகனாக நடுவில் உட்கார வைத்த படங்கள் அண்மைக் காலத்தில் நன்றாக ஓடவும் செய்தன. 2013-இல் "சூது கவ்வும்". 2014-இல் "சதுரங்க வேட்டை". மண்ணுளிப் பாம்பைக் காட்டி ஏமாற்றும் வித்தையைப் பார்த்துக் கொட்டகையே சிரித்தது. 1947-இல் மூடிய கதவு திறக்க 66 ஆண்டுகள் ஆயின!

பிரதி எங்கே?

இப்போது அந்த வருத்தமான செய்திக்கு வருவோம்.

"மிஸ் மாலினி" படத்தின் பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. வாசன் போன்ற முதலாளி எடுத்த படம். நாராயண் எழுதிய கதை. ஜெமினி கணேசனின் முதல் படம். ஒரு சுருள்கூட மிஞ்சியதாகத் தகவல் இல்லை!

எப்படிப் போயிற்று? அந்தக் காலத்துப் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். வெயிலிலும் ஈரக்காற்றிலும் இளகிப் பொடியாகும். ஓடி முடிந்த படத்தின் பெட்டிகளை வைத்திருக்க இடம் வேண்டும், வாடகை வேண்டும். பிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய சுருள்களை எடைக்குப் போட்டதும் உண்டு. வெற்றி பெற்ற படத்துக்காவது மறுபடி பிரதி எடுப்பார்கள். தோற்ற படத்தை யார் சீண்டுவார்கள்?

பழைய படங்களைக் காப்பாற்றி வைக்க மத்திய அரசு புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியது 1964-இல். அதற்குள் எத்தனையோ படங்கள் அழிந்துவிட்டன. தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" 1931-இல் வந்தது. அதன் பிரதியும் இன்று கிடைக்கவில்லை.

ஜனங்கள் ஒரு படத்தை வேண்டாம் என்று சொன்னால் அது அந்த வாரத்தோடு முடிந்துவிடுகிற காரியம் என்று நினைக்கிறோம். இல்லை! சில சமயம் பேரன் பேத்திகளுக்கும் சேர்த்து வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுகிறது. நாம் பார்த்து, நாமே தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லாமல் போய்விட்டது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், இசைத்தட்டு ஏதாவது கிடந்தால், காகிதக் கடைக்குப் போடுமுன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அழிந்துபோன படங்களுக்கு அவைதான் இன்று சாட்சி.

சம்பத் இன்றும் வருகிறார்!

படம் மறைந்துவிட்டது. சம்பத் மறைந்தாரா?

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்கு வாருங்கள். 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கிறார்கள். 217 அடி உயர ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு வெளியூர்க் குடும்பம் நிற்கிறது. பக்கத்தில் ஒருவர் வந்து, "கவலையே வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இனிக்க இனிக்கப் பேசினால், உடனே சம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேரும் எல்லா ஊருக்கும் இது பொருந்தும்.

இன்றைய சம்பத் தெருவில்கூட நிற்பதில்லை. டெலிபோனிலேயே வந்துவிடுகிறார்! "பாங்கியிலிருந்து பேசுகிறேன்", "போலீஸிலிருந்து பேசுகிறேன்", "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்கிறார். மாலினிக்குச் சொன்ன அதே பசப்பு வார்த்தைதான், வேஷம்தான் வேறு. யாராவது அப்படி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்கவேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் திரும்பக் கிடைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

மாலினி கடனில் விழுந்தாள், ஆனால் எழுந்தாள். கடனை அடைத்தாள். கதையில் சம்பத்துக்குத் தண்டனை கிடைத்ததா என்பதைவிட அதுதான் பெரிய விஷயம். ஏமாந்தவள் அதோடு அழிந்து போகவில்லை என்று சொன்ன கதை அது.

1947-இல் அந்தப் பாடத்தைச் சிரித்துக்கொண்டே படிக்க ஒரு வாய்ப்பு வந்தது. டிக்கெட் விலை சில அணாக்கள்தான். அன்று அதை வாங்க ஆள் இல்லை. இன்று அதே பாடத்தை எத்தனையோ குடும்பங்கள் லட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் படித்துக்கொண்டிருக்கின்றன!